“பாட்டு நல்லாத்தான் இருக்கு, சவுண்டு சரியில்ல”: ஒரே ஜாஸ் ஆல்பத்துக்கு இரண்டு தீர்ப்பு வருவது ஏன்?

அமெரிக்கப் பாடகி நோரா ஜோன்ஸின் ‘விஷன்ஸ்’ ஆல்பம் 2024 மார்ச்சில் வெளிவந்தது; அடுத்த ஆண்டு கிராமி விருதும் பெற்றது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஜாஸ் கேட்பவர்களிடம் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு விதமான பதில் வருகிறது. “பாட்டு நல்லாத்தான் இருக்கு, சவுண்டுதான் சரியில்ல. ஒரே கரகரப்பு, தெளிவே இல்ல” என்பார் ஒருவர். “அவங்க மூச்சு விடறதுகூடக் கேக்குது, இதுக்கு மேல என்ன வேணும்?” என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே நெடுநாளாக இசை கேட்பவர்கள், காதிலும் குறையில்லை. இந்த ஆல்பம் என்றில்லை, ஜாஸ் பாடகி ஒருவரின் புதிய ஆல்பம் எது வந்தாலும் இதே வழக்குத்தான். ஒலித்தரம் என்று இருவரும் சொல்வது ஒரே விஷயத்தை அல்ல என்பதுதான் காரணம்.

பாடகி வாயைத் திறப்பதற்கும் நம் காதில் அது விழுவதற்கும் நடுவில் பல கைகள் மாறுகின்றன. கடைசிக் கை நம்முடைய அறை. மலையில் இருப்பவர்களுக்கு அந்த அறை சமவெளிக்காரரின் அறையிலிருந்து பல விதங்களில் வேறுபட்டது. அதைக் கணக்கில் எடுக்காமல் சொல்லப்படும் தீர்ப்புகள்தான் குழப்பத்தில் பாதி.

ஒலித்தரம் என்பதற்குள் இருக்கும் நான்கு வேலைகள்

1. ஒலிப்பதிவு. ஸ்டூடியோவில் குரலையும் வாத்தியங்களையும் மைக் வைத்துப் பிடிப்பது. எந்த மைக், வாயிலிருந்து எத்தனை அங்குலம், எல்லோரும் ஒரே அறையிலா தனித்தனியாகவா என்பதெல்லாம் இங்கே முடிவாகும்.

2. மிக்ஸிங். பிடித்தவற்றை ஒன்றாகக் கலப்பது. குரல் முன்னால் நிற்க வேண்டுமா, பியானோவுக்குச் சற்றுப் பின்னால் போக வேண்டுமா, எவ்வளவு எதிரொலி சேர்க்க வேண்டும் என்பவை இங்கே.

3. மாஸ்டரிங். கலந்து முடித்ததை வெளியீட்டுக்குத் தயார் செய்யும் கடைசி வேலை. ஆல்பம் மொத்தமாக எவ்வளவு சத்தமாக இருக்க வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் இடம் இது. எல்பிக்கு (ஊசி வைத்துக் கேட்கும் பெரிய இசைத்தட்டு) ஒன்று, சிடிக்கு ஒன்று என ஒரே ஆல்பத்துக்குப் பல மாஸ்டர்கள் இருக்கலாம். ஆகவே எல்பி வைத்திருப்பவரும் செல்போனில் கேட்பவரும் கேட்பது சில சமயம் உண்மையிலேயே வெவ்வேறு சத்தம்.

4. ஒலிக்கவிடும் கருவியும் அறையும். ஸ்பீக்கர், ஹெட்போன், ஆம்ப்ளிஃபையர், சுவர், தரை, ஜன்னல். இது முழுக்க நம் பொறுப்பு.

“ரெக்கார்டிங் மோசம்” என்று சொல்கிறவர்களில் பலர் குறை காண்பது மூன்றாவதிலோ நான்காவதிலோ. பழி விழுவது முதலாவதன் மேல்.

ஜாஸ் குரலில் மட்டும் இத்தனை நுணுக்கம் பார்ப்பது ஏன்?

1925 வரை மின்சார ஒலிப்பதிவு கிடையாது. பாடகர் ஒரு பெரிய உலோகப் புனலுக்குள் உரக்கப் பாட வேண்டும். அந்த அதிர்வே ஊசியை நகர்த்தித் தட்டில் கீறும். மென்மையாகப் பாடினால் பதிவே ஆகாது. மைக் வந்த பிறகுதான் பிங் கிராஸ்பி போன்றவர்கள் பேசுகிற சத்தத்தில் பாடத் துணிந்தார்கள். 1933இல் முதல் தட்டைப் பதிவு செய்த பில்லி ஹாலிடே, ஒரு சொல்லைச் சற்றுத் தாமதித்து உதிர்ப்பதையே தன் கலையாக்கிக்கொண்டார். ஜாஸ் குரல் என்று இன்று நாம் ரசிக்கும் நெருக்கத்தை மைக்கின் குழந்தை என்றே சொல்லலாம்.

அந்த நெருக்கத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரு பக்கத்துச் சத்தத்தை மட்டும் வாங்கும் மைக்குக்கு அருகே வாயைக் கொண்டுபோனால் குரலின் தாழ்ந்த பகுதி இயல்பைவிடப் பெருகும். நடுராத்திரி ரேடியோ அறிவிப்பாளரின் கனத்த குரலுக்கு இதுவும் ஒரு காரணம். கூடவே உதட்டுச் சத்தம், மூச்சு, ‘ஸ’, ‘ஷ’ எழுத்துகளின் சீறல் எல்லாம் பெரிதாக வந்து விழும். சத்தத்தின் உயர்வு தாழ்வை ஹெர்ட்ஸில் அளப்பார்கள்; ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒரு கிலோஹெர்ட்ஸ். சீறல் பெரும்பாலும் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கும். நம் காது மிகக் கூர்மையாக இருக்கும் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் பகுதிக்கு அது ஒட்டிய இடம். ஆகவே சிறு பிசகும் உறுத்துகிறது.

மனிதக் குரலை ஏமாற்றுவது கடினம் என்பதற்கு எம்பி3யின் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. ஜெர்மனியில் அந்த முறையை உருவாக்கிக்கொண்டிருந்த கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சூசன் வேகா எந்த வாத்தியமும் இல்லாமல் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ பாட்டைச் சுருக்கிப் பார்த்தபோது குரல் சிதைந்து வந்தது. வாத்தியங்கள் நிறைந்த பாட்டுகள் தேறிவிட்ட இடத்தில் இந்தத் தனிக்குரல் தேறவில்லை. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் முறையைச் சீர்செய்தார். பிறந்த நாள் முதல் கேட்டுவரும் சத்தம் என்பதால் குரலில் எது பொய் என்று நமக்குச் சட்டென்று தெரிந்துவிடுகிறது.

சத்தமும் தரமும்: பெரும்பாலான சண்டை இங்கேதான்

ஒரு பாட்டில் மிக மெல்லிய சத்தத்துக்கும் மிகப் பலத்த சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை ஒலி வீச்சு என்போம், டெசிபலில் அளப்பார்கள். ஜாஸில் இந்த வீச்சு பெரியது. டிரம்மர் கம்பித் தூரிகையால் தோலை வருடுவதும் அதே பாட்டில்தான், டிரம்பெட் அலறுவதும் அதே பாட்டில்தான்.

மாஸ்டரிங்கில் இந்த இடைவெளியைக் குறைக்க ஒரு கருவி உண்டு. அந்த வேலையை கம்ப்ரஷன் என்பார்கள். (கோப்பின் அளவைச் சுருக்கும் எம்பி3 கம்ப்ரஷன் வேறு.) பலத்த இடங்களை அமுக்கிவிட்டு மொத்தத்தையும் தூக்கிவிட்டால் ஆல்பம் முழுக்க எடுப்பாகக் கேட்கும். சற்றே சத்தமாக ஒலிப்பதை, வித்தியாசம் ஒரு டெசிபலுக்கும் குறைவாக இருந்தாலும், மனம் ‘தெளிவு’ என்று எடுத்துக்கொள்ளும். இதைத் தெரிந்துகொண்ட நிறுவனங்கள் 1990களிலிருந்து போட்டி போட்டுக்கொண்டு சத்தத்தைக் கூட்டின. அதற்கு ‘லவுட்னஸ் வார்’ என்றே பெயர் வந்துவிட்டது. ஜாஸும் முழுக்கத் தப்பவில்லை.

இனி மின்விசிறிக்கு வருவோம். இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். என் கணிப்பில் மொத்த விவகாரத்தின் சாவியே இதுதான்.

கோவையிலோ மதுரையிலோ ஏப்ரல் மாதம் மின்விசிறி முழு வேகத்தில் ஓடும் அறையில் இரைச்சல் சுமார் 50 டெசிபல் இருக்கும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வீடுகள் பலவற்றில் கூரையில் மின்விசிறிக்குக் கொக்கிகூடக் கிடையாது. கதவைச் சாத்திவிட்டால் இரவில் 30 டெசிபலுக்குக் கீழே போகும். பாடகியின் குரல் 70 டெசிபலில் ஒலிக்குமாறு வைத்துக் கேட்கிறோம் என்று கொள்வோம். பின்னால் தூரிகை வருடும் சத்தம் அதைவிட 30 டெசிபல் குறைவு, அதாவது 40. கோவை அறையில் அது மின்விசிறிக்குள் மூழ்கிப் போகும். குன்னூர் அறையில் தெளிவாகக் கேட்கும்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள்:

1. வீச்சு பெரிதாக உள்ள, அமுக்காத ஆல்பம் சமவெளியில் “சத்தமே பத்தல, மெல்லிசா இருக்கு” என்று பெயர் வாங்கும். அதே ஆல்பம் மலையில் “ஒவ்வொரு சின்னச் சத்தமும் கேக்குது” என்று புகழப்படும்.

2. அமுக்கித் தூக்கிய ஆல்பம் மின்விசிறியையும் பேருந்து இரைச்சலையும் மீறிக் கேட்கும் என்பதால் சமவெளியில் நல்ல பெயர் எடுக்கும். மலை வீட்டின் அமைதியில் அதையே அரை மணி நேரம் கேட்டால் காது களைத்துவிடும். எங்கேயும் மூச்சு விட இடமில்லாத சத்தம் அது.

இரண்டு தீர்ப்பும் அவரவர் இடத்தில் நியாயமானவைதான்.

ஸ்ட்ரீமிங் வந்த பிறகு இந்தப் போட்டிக்கு ஒரு கடிவாளம் விழுந்திருக்கிறது. சராசரிச் சத்தத்தை லஃப்ஸ் என்ற அலகில் அளந்து, எல்லாப் பாட்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒலிக்கவிடுகிறார்கள். ஸ்பாட்டிஃபையில் வழக்கமான அளவு மைனஸ் 14. அமுக்கித் தூக்கிய ஆல்பத்தை அந்தச் செயலி தானாகவே இறக்கிவிடும். சத்தத்தால் கிடைத்த ஆதாயம் போய்விடுகிறது, தட்டையாக்கிய சேதம் மட்டும் மிஞ்சுகிறது.

மலை வீட்டின் வேறு சில விசித்திரங்கள்

“உயரத்துக் காற்றில் சத்தம் சுத்தமாகக் கேட்கும்” என்று பலர் நம்புகிறார்கள். ஒலியின் வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான், உயரம் அல்ல. காற்றின் அடர்த்தி மட்டும் கணக்கில் வரும்: ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம், காற்று லேசு. அதனால் அதே ஸ்பீக்கர் அதே அளவுக்கு அதிர்ந்தாலும் கடற்கரையில் வருவதைவிட ஏறத்தாழ 2 டெசிபல் குறைவாகவே சத்தம் வரும். வால்யூமைக் கொஞ்சம் திருப்பினால் சரியாகிவிடும். தரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

தரத்தைத் தொடுபவை வேறு.

பழைய பங்களாக்களின் பலகைத் தரை முதலில். கீழே வெற்றிடம் விட்டு அடித்த பலகை, டபுள் பேஸ் என்னும் ஆளுயரத் தந்தி வாத்தியத்தின் தாழ்ந்த சுரங்களுக்குத் தானும் சேர்ந்து அதிரும். ஸ்பீக்கரை நேராகத் தரையில் வைத்தால் பேஸ், அதாவது தாழ்ந்த சத்தம், கொழகொழவென்று பரவி, குரலின் அடிப்பகுதியையும் விழுங்கிவிடும். எல்பி பிளேயர் அதே தரையில் இருந்தால் நடந்துபோனாலே ஊசி துள்ளும். சுவரில் அடித்த தட்டின் மேல் பிளேயரை வைப்பது நல்ல தீர்வு.

அடுத்தது அறையின் நீளம். 12 அடி நீள அறையில் சுமார் 46, 47 ஹெர்ட்ஸ் சத்தம் இரு சுவர்களுக்கிடையில் மோதி மோதித் தேங்கி நிற்கும். டபுள் பேஸின் தாழ்ந்த ‘ஜி’ சுரம் 49 ஹெர்ட்ஸ். ஆக அந்தச் சுரமும் அதற்கு அக்கம்பக்கத்துச் சுரங்களும் மட்டும் திடீரென்று வீங்கி ஒலிக்கும், மற்றவை சாதாரணமாக இருக்கும். “பேஸ் பிளேயர் ஒரு சுரத்தை மட்டும் அழுத்தி வாசிக்கிறார்” என்று தோன்றினால், வாசித்தவரைக் குறை சொல்லும் முன் நாற்காலியை மூன்றடி முன்னால் நகர்த்திக் கேட்க வேண்டும். பல நேரம் வீக்கம் அதோடு போய்விடும்.

குளிருக்குப் போடும் கனத்த திரையும் கம்பளமும் உயர்ந்த சத்தத்தை உறிஞ்சும், தாழ்ந்ததை விட்டுவிடும். அப்படிப்பட்ட அறையில் எந்தப் பாடகியும் சற்று மங்கலாகத்தான் ஒலிப்பார். நேர்மாறாக, கண்ணாடி ஜன்னலும் வெறும் சுவருமாக இருக்கும் புதுக் கட்டடங்களில் ‘ஸ’ சீறும். தகரக் கூரை வீட்டில் மழைக்காலம் வந்தால் ஒலித்தரம் பற்றிய பேச்சே வேண்டாம். சடசடப்பு மின்விசிறியை எங்கோ தள்ளிவிடும். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை, கூடலூருக்குத் தென்மேற்கு என்பதால் அந்தப் பருவமும் ஊருக்கு ஊர் மாறும்.

ஈரம் கருவியையே தின்றுவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1970கள் முதல் 1990கள் வரை வந்த பல ஸ்பீக்கர்களில் கூம்பைச் சுற்றி நுரைவளையம் இருக்கும். காற்றின் ஈரம் பட்டுப்பட்டு அது மெல்ல உதிரும். விரல் வைத்தால் மாவாக வரும். அதற்கு முன்பே பேஸ் சத்தத்தில் ஒரு கொரகொரப்பு தொடங்கிவிடும். புதிய ஆல்பத்தில் “கரகரப்பு” கேட்கிறவர்கள் முதலில் ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. ரப்பர் வளையம் உள்ளவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

எல்பியா, சிடியா, ஸ்ட்ரீமிங்கா?

1982இல் வந்த சிடி, 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவுடையது. 96 டெசிபல் வீச்சையும் மனிதக் காது கேட்கக்கூடிய உச்சம் வரையிலும் அதனால் தாங்க முடியும். இதைவிடப் பெரிய எண்கள் போட்டு விற்கப்படும் கோப்புகள் காதுக்கு வித்தியாசமாகத் தெரிகின்றனவா?

மேயர், மோரன் என்ற இருவர் 2007இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தர டிஸ்க்கின் ஒலியை நேரடியாகவும், சிடி தரத்துக்கு இறக்கியும், எது எதுவென்று சொல்லாமல் கேட்கவைத்தார்கள். 554 முறையில் சரியாகச் சொன்னது 276. நாணயத்தைச் சுண்டினாலும் ஏறக்குறைய அதே விடைதான் வரும். அதே ஆய்வில் இன்னொன்றையும் அவர்கள் பதிவு செய்தார்கள், அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: அந்த உயர்தர டிஸ்க்குகள் பல, சாதாரண சிடிகளைவிட உண்மையிலேயே நன்றாக இருந்தன. காரணம் எண்கள் அல்ல. கூர்ந்து கேட்கும் சிறு கூட்டத்துக்காக அவற்றை அமுக்காமல் பொறுமையாக மாஸ்டர் செய்திருந்தார்கள்.

எல்பி பக்கமும் இப்படி ஒன்று நடந்தது. அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் விலையுயர்ந்த தட்டுகள் முழுக்க அனலாக் முறையில், அதாவது ஒலியை எங்கும் எண்களாக மாற்றாமல், மூல டேப்பிலிருந்தே வந்தவை என்று சேகரிப்பாளர்கள் நம்பினார்கள். பல தட்டுகளுக்கு இடையில் ஒரு டிஜிட்டல் படி இருந்தது 2022 ஜூலையில் தெரியவந்தது. வாங்கியவர்கள் தொடுத்த வழக்கு 2.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. மறைத்தது தவறு, அதில் சந்தேகமில்லை. ஆனால் “டிஜிட்டலே படாத சத்தம்” என்று பல ஆண்டுகள் கொண்டாடிய காதுகள் எவையும் அந்தப் படியைக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை.

எல்பிக்கே உரிய ஒரு குணத்தை மட்டும் ஜாஸ் குரல் கேட்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் பள்ளம் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் ஓடும். உள்ளே லேபிளை நெருங்கும்போது அது 20 அளவுக்கு இறங்கிவிடும். அதே ‘ஸ’ அங்கே பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும் சீறல் கூடுவது இயல்பு.

சிறிய ப்ளூடூத் ஸ்பீக்கரில் கேட்பவர்கள் ‘கோடெக்’ (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) பற்றிக் கவலைப்படுவதில் அதிகப் பயனில்லை. டபுள் பேஸின் கடைசிச் சுரம் 41 ஹெர்ட்ஸ். உள்ளங்கை அளவு ஸ்பீக்கரால் அந்த ஆழத்துக்குப் போகவே முடியாது. சுமாரான ஒரு ஹெட்போன்கூட அதைவிட நியாயமான சாட்சி.

‘விஷன்ஸ்’ விவகாரம்

2002இல் வந்த நோரா ஜோன்ஸின் முதல் ஆல்பம் அடுத்த ஆண்டு அவருக்கு ஐந்து கிராமிகளைத் தந்தது. குரல், பியானோ, பேஸ் ஒவ்வொன்றும் தனித்தனியே நிற்கும் அந்தச் சத்தம் ஸ்பீக்கர் கடைகளில் டெமோவுக்குப் போடும் சத்தமாகவே ஆகிப்போனது. அவரைப் பற்றிய நம் எதிர்பார்ப்பு அங்கே உறைந்துவிட்டது.

‘விஷன்ஸ்’ லியான் மைக்கேல்ஸ் தயாரித்தது. பழைய சோல் இசைத்தட்டுகளின் சத்தத்தில் ஊறியவர் அவர். பெரும்பாலான வாத்தியங்களை அவரும் நோராவுமே வாசித்தார்கள். கிதாரிலும் டிரம்ஸிலும் இருக்கும் கரகரப்பு தெரிந்தே விடப்பட்டது. குரலை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியதும் அப்படியே. மேலே சொன்ன நான்கில் இது மிக்ஸிங் வரைக்கும் எடுத்த முடிவு. எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் போகாது. அதை ஒலிப்பதிவுக் குறை என்பது பிழையான தீர்ப்பு. பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. தனிக்குரல் வரும் மெதுவான பாட்டுகளில் அந்த அழுக்கு ஒரு கதகதப்பைத் தருகிறது என்பது என் எண்ணம். குரல்கள் அடுக்கடுக்காக வரும் இடங்களில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அங்கே சற்றுக் குறைத்திருக்கலாம்.

தீர்ப்புச் சொல்லும் முன்

1. ஒப்பிடும் இரண்டு ஆல்பங்களையும் ஒரே சத்தத்தில் வைக்கவும். செல்போனில் உள்ள இலவச டெசிபல் செயலி இதற்குப் போதும்.

2. ரொம்ப மெதுவாக வைத்துவிட்டு “பேஸே இல்லை” என்று சொல்லக் கூடாது. சத்தம் குறையக் குறையத் தாழ்ந்த சுரங்கள்தான் காதுக்கு முதலில் மறையும். ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933இலேயே அளந்து காட்டியது இது. இரவில் வீட்டார் தூங்கும்போது கேட்பவர்கள் பேஸைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம்.

3. ஒரு பாட்டையாவது ஹெட்போனிலும் கேட்கவும். ஸ்பீக்கரில் இருந்த குறை ஹெட்போனில் காணாமல் போனால் கோளாறு அறையில். இரண்டிலும் இருந்தால் ஆல்பத்தில்.

4. மாலையில் ஊரே ஹீட்டர் போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். பழைய ஆம்ப்ளிஃபையர்கள் அப்போது சீக்கிரமே திணறிக் குரலைக் கிழிக்கும். மின்சாரம் நிலையாக இருக்கும் வேளையில் அதே பாட்டை மறுபடி கேட்டுப் பார்க்கவும்.

5. கருத்தைச் சொல்லும்போது எதில் கேட்டது, எந்த வடிவில், எந்த மாதிரி அறையில் என்பதையும் சேர்த்துச் சொல்லவும். “எல்பி, பலகைத் தரை, பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ஸ’ சீறுகிறது” என்று ஒருவர் சொன்னால், வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் இன்னொருவர் தன் வீட்டில் அது எப்படிக் கேட்கும் என்பதைக் கணித்துக்கொள்ள முடியும்.